போர் நீண்டால் செலவு யார் தலையில்?

வாசகர் கேள்வி – பதில்

நீண்ட போர்களை நாடுகளின் பொருளாதாரங்கள் எவ்வாறு தாங்கிக்கொள்கின்றன என்பது பற்றி இம்முறை வந்த கடிதங்கள் வழமையைவிட அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன். இடத்தைக் கருதிச் சில கேள்விகளைச் சுருக்கியுள்ளேன்.

கேள்வி: ரஷ்யா மீது தடைகள் வந்தபோது சில மாதங்களில் அந்த நாடு பொருளாதார ரீதியாக மண்டியிட்டுவிடும் என்று தொலைக்காட்சியில் அறிஞர்கள் பேசினார்கள். ஆண்டுகள் கடந்தும் போர் நடக்கிறது. அவர்கள் சொன்னது எந்த இடத்தில் பிசகியது?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கோப்பாய்

பதில்: அவர்கள் போட்ட கணக்கில் ஒரு பாதி சரியாகத்தான் இருந்தது. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி உக்ரேன் மீதான படையெடுப்புத் தொடங்கியது. ஒரு வாரம் கழிவதற்குள் ரஷ்ய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த ஒதுக்கில் ஏறத்தாழ 300 பில்லியன் டொலர் முடக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் ஒரு டொலரின் விலை 120 ரூபிளையும் தாண்டியது. பிசகியது மறு பாதி. மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 9.5 இலிருந்து 20 வீதமாக உயர்த்தியது. ஏற்றுமதியாளர்கள் ஈட்டும் வெளிநாட்டு நாணயத்தில் 80 வீதத்தை விற்றே ஆகவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் வழிகள் இறுக்கப்பட்டன. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் எண்ணெய் விற்பனை நிற்காததுதான். ஐரோப்பா வாங்குவதைக் குறைக்கக் குறைக்க இந்தியாவும் சீனாவும் கழிவு விலையில் வாங்கின. உலகச் சந்தையில் விலை உயர்ந்திருந்த ஆண்டு அது என்பதால், கழிவு கொடுத்தும் ரஷ்யாவின் கைக்குப் போதிய பணம் வந்தது. அந்த ஆண்டு ரஷ்யாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுருங்கியது இரண்டு வீதத்துக்கும் குறைவாகவே. அடுத்த இரண்டு ஆண்டுகளும் வளர்ச்சியைக் காட்டின.

ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற கணக்கில் பீரங்கிக் குண்டும் உற்பத்திதான், உழவு இயந்திரமும் உற்பத்திதான் என்பதை மறந்துவிடக்கூடாது. உழவு இயந்திரம் அடுத்த ஆண்டும் உழும். குண்டு சுடப்பட்டவுடன் இல்லாமற் போகிறது. ஆனால் அதைச் செய்த தொழிலாளியின் சம்பளம் மட்டும் சந்தைக்கு வந்து, அங்கே கூடுதலாக வந்துசேராத சீனியையும் சப்பாத்தையும் தேடுகிறது. விலை ஏறுகிறது. இலட்சக்கணக்கான ஆண்கள் போர்முனைக்கும் வேறு இலட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டும் போய்விட்ட நிலையில், வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலியும் ஏறுகிறது. வேலையின்மை 2.5 வீதத்துக்கும் கீழே போனதைச் சாதனையாகக் காட்டினார்கள். ஒரு தொழிற்சாலை முகாமையாளரிடம் கேட்டால் அதையே நெருக்கடி என்பார். விலையேற்றத்தை அடக்க 2024 ஒக்டோபரில் வட்டி வீதத்தை 21 வீதத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வட்டிக்குக் கடன் எடுத்து வீடு கட்டுபவரோ புதுத் தொழில் தொடங்குபவரோ அரிது. சலுகை வட்டியும் அரசின் கொள்வனவும் உள்ள ஆயுதத் தொழிற்சாலைக்கு அது அவ்வளவாக உறைப்பதில்லை. 2026 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியும் 20 இலிருந்து 22 வீதமாகியுள்ளது. ஆக, குலைவு வரவில்லை என்பது உண்மை. செலவு வந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அது ஒரே நாளில் வராமல் வட்டியாகவும் வரியாகவும் விலையாகவும் பிரிந்து பிரிந்து வருவதால் தொலைக்காட்சிக்கு ஏற்ற செய்தியாக இருப்பதில்லை.

கேள்வி: போர்ச் செலவுக்கு அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பாடநூலில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.
– உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, மானிப்பாய்

பதில்: வரி, கடன், நோட்டு அச்சிடுதல், வெளியார் உதவி ஆகியவைதான் வழிகள், பாடநூலின் ஒரு வரியில் இவை இருந்திருக்கும். எந்த வழியைத் தெரிந்தாலும், போருக்குத் தேவையான ஆளும் இரும்பும் எரிபொருளும் அந்த ஆண்டிலேயே யாரோ ஒருவரின் பாவனையிலிருந்து எடுக்கப்பட வேண்டியவை என்பதை அந்த வரி சொல்லியிராது. கடன் வாங்கினால் செலவு பிள்ளைகளின் தலையில் விழும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெளிநாட்டுக் கடனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். உள்நாட்டில் வாங்கும் கடனைப் பொறுத்தவரை, இன்று எரியும் எண்ணெய் இன்றைய எண்ணெய்தான். பிறகு யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதுதான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது.

பொருளியலாளர் கெயின்ஸ் 1940இல் இதையே பிரித்தானிய மக்களுக்கு விளக்கினார். தொழிற்சாலைகள் முழு வேகத்தில் இயங்குவதால் எல்லோர் கையிலும் சம்பளம் இருக்கும்; கடையில் பொருள் இருக்காது. அந்தச் சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு இப்போதே எடுத்து வைத்துப் போருக்குப் பின் திருப்பிக் கொடுக்காவிட்டால், விலையேற்றம் அதே பகுதியைத் திருப்பித் தராமலே எடுத்துவிடும் என்பது அவருடைய வாதம். அரசு இதை ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டது. 1941இல் வருமான வரியின் பொது வீதம் பவுண் ஒன்றுக்குப் பத்து சிலிங், அதாவது சரிபாதி, ஆனது. அதில் ஒரு பகுதி போருக்குப் பின் திருப்பித் தரப்படும் வரவாகப் பதியப்பட்டது. பலருக்கு அந்தப் பணம் கிடைக்க 1970களின் தொடக்கம் வரை ஆனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போதைக்கு அதன் வாங்கும் சக்தி எவ்வளவு தேய்ந்திருந்தது என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

முதலாம் உலகப் போரில் ஜேர்மனி இதற்கு மாறான வழியில் போனது. வரியை உயர்த்தினால் மக்கள் முகஞ்சுளிப்பார்கள் என்று தயங்கி, போர்க் கடன் பத்திரங்களை ஒன்பது தடவை வெளியிட்டது. வென்றதும் தோற்றவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். வெல்லவில்லை. தோல்விக்குப் பிந்திய இழப்பீட்டுச் சுமையும் அரசியல் குழப்பமும் அச்சு இயந்திரமும் சேர்ந்து 1923 நவம்பரில் ஒரு டொலர் 4.2 இலட்சம் கோடி மார்க் என்ற நிலைக்குக் கொண்டுவந்தன. நாட்டுப்பற்றோடு பத்திரம் வாங்கிய நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு ஒரு பாண் வாங்கவும் உதவவில்லை. வரி கேட்கத் தயங்கிய அரசு, கேட்காமலே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

உக்ரேன் வெளியார் உதவிக்கு உதாரணம். 2022இல் அதன் பொருளாதாரம் ஏறத்தாழ 29 வீதம் சுருங்கியது. முதல் ஆண்டில் மத்திய வங்கி நேரடியாகவே அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுத்தது. மேற்கு நாடுகளின் உதவி ஒழுங்காக வரத் தொடங்கியதும் அதை நிறுத்தியது. அந்த உதவி ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம் போன்ற குடிசார் செலவுகளுக்குப் போக, நாட்டுக்குள் சேரும் வரி படைகளுக்குப் போகிறது. 2024 டிசம்பரில் அங்கே தனியாள் வருமானத்தின் மீதான படை வரியை 1.5 இலிருந்து 5 வீதமாக உயர்த்தினார்கள்.

நமது இலங்கையில் தேசிய பாதுகாப்பு வரி என்று ஒன்று இருந்தது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கலாம். 1990களில் பொருட்கள், சேவைகள் மீது விதிக்கப்பட்டிருந்த அந்த வரி, 2002 ஓகஸ்டில் பெறுமதி சேர் வரி வந்தபோது அதற்குள் கரைந்தது. வருமானத்தைப் பார்த்து விதிக்கும் வரியாக அது இல்லாததால், கொழும்பு வர்த்தகரும் வவுனியாவில் கூலிவேலை செய்தவரும் சவர்க்காரம் வாங்கும்போது ஒரே வீதத்தில் கொடுத்தார்கள். அந்தச் சவர்க்காரம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தபோது விடுதலைப் புலிகள் அறவிட்ட வரியும் விலையில் ஏறியிருந்தது. போரின் இரு தரப்புச் செலவுக்கும் ஒரே கட்டியில் பங்கு கொடுத்தவர்கள் நாங்கள்.

கேள்வி: போர்தான் அமெரிக்காவை 1930களின் பெருமந்தத்திலிருந்து தூக்கிவிட்டது என்கிறார்களே? அப்படியானால் போர் பொருளாதாரத்துக்கு நல்லதா?
– வங்கி உத்தியோகத்தர், திருநெல்வேலி

பதில்: இல்லை. 1940இல் அமெரிக்காவில் நூற்றுக்குப் பதினான்கு பேரளவில் வேலையின்றி இருந்தார்கள், தொழிற்சாலைகள் முழு வேகத்தில் ஓடவில்லை, போர் வந்தபோதும் நாட்டின் பெருநிலப்பரப்பில் சொல்லத்தக்க அளவில் குண்டு விழவில்லை. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்து அமைந்த இன்னொரு போர்க்கால நாட்டை நான் அறியேன். அங்கும் 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி முற்றாக நிறுத்தப்பட்டது. வேலை கிடைத்தவர் காரோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்க 1945 வரை காத்திருந்தார். மறுபுறம் ஈராக்கைப் பாருங்கள். 1980இல் ஈரானோடு போரைத் தொடங்கியபோது அதன் கையில் ஏறத்தாழ 35 பில்லியன் டொலர் ஒதுக்கு இருந்தது. 1988இல் போர் ஓய்ந்தபோது பல பத்துப் பில்லியன் டொலர் கடன் இருந்தது. கடன் கொடுத்தவர்களில் ஒருவரான குவைத்தோடு எழுந்த பிணக்கு இரண்டே ஆண்டில் அடுத்த போரானது.

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூப்பனுக்கு அரிசி வாங்கியது பற்றி என் பேத்தியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இலங்கையில் பெரிதாகப் போர் நடக்கவில்லையே. ஏன் அந்த நிலை?
– வாசகி, கோண்டாவில்

பதில்: குண்டு வீச்சு என்று பார்த்தால் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியதோடு பெரும்பாலும் முடிந்தது. ஆனால் அதற்கு முந்திய மாதமே ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்துவிட்டது. இலங்கையர் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி; அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. தேயிலையும் இறப்பரும் விற்று அரிசி வாங்குவது மலிவு என்று பல பத்தாண்டுகளாக நடந்த ஏற்பாடு சில கிழமைகளில் அறுந்தது. பங்கீட்டு அட்டை வந்தது, சங்கக்கடைகள் பெருகின, அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. பாண் தின்னும் பழக்கம் ஊர்ப்புறங்களுக்குள் ஆழமாக இறங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

இன்னொரு பக்கம் இலங்கைக்குத் திடீர் முக்கியத்துவம் வந்தது. மலாயாவும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளும் வீழ்ந்த பிறகு நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கக்கூடிய பெரிய இடமாக இலங்கை எஞ்சியது. மரத்தின் ஆயுளைப் பாராமல் எவ்வளவு பால் வடிக்க முடியுமோ அவ்வளவையும் வடிக்கும்படி தோட்டங்கள் நெருக்கப்பட்டன. போருக்குப் பின் பெரும் பரப்பில் மீள்நடுகை தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். விற்ற பொருளுக்கான பணம் இலண்டனில் ஸ்டேர்லிங் நிலுவையாகச் சேர்ந்தது. பணம் நம்முடையது, நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாது. பிரித்தானியா தன் போர்ச் செலவின் ஒரு பகுதியை இந்தியாவையும் இலங்கையையும் இவ்வாறு கடன்கொடுக்க வைத்தே சமாளித்தது. வங்காளத்தில் 1943இல் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மடிந்த காலத்திலும் அந்த நிலுவை இலண்டனில் ஏறிக்கொண்டிருந்தது.

உங்கள் பேத்தியாரின் கூப்பனுக்குத் தொடர்ச்சியும் உண்டு. போர் முடிந்தும் பங்கீட்டு அரிசி முடியவில்லை. மலிவு அரிசி என்பது மக்களின் உரிமையாகிவிட்டது. 1953 யூலையில் டட்லி சேனநாயக்கவின் அரசு ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஓகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் ஒக்டோபரில் பதவி விலகினார். பங்கீட்டு முறையை உணவு முத்திரையாக மாற்ற 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு போருக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் வரவு செலவுத் திட்டத்தில் குந்தியிருந்தது.

கேள்வி: 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள், கல்வீடு கட்டினார்கள். பிறகு 1990களில் பொருளாதாரத் தடையிலும் நாங்கள் எல்லாவற்றையும் நாங்களே செய்து சமாளித்தோம். வெளியிலிருந்து பொருள் வராவிட்டால் உள்ளூர் உற்பத்தி வளரும் என்பதற்கு இவை சாட்சி அல்லவா?
– தோட்டக்காரர், உரும்பிராய்

பதில்: இரண்டையும் ஒரே சாட்சியாக ஏற்க மாட்டேன், ஐயா. 1970 தொடக்கம் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உள்ளே வருவது மட்டுமே தடைப்பட்டது. உங்கள் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வந்தது, உரமும் கிருமிநாசினியும் வந்தன, விளைந்ததைப் புகையிரதத்திலும் லொறியிலும் ஏற்றினால் அடுத்த நாள் கொழும்புச் சந்தையில் நின்றது. போட்டி மூடப்பட்டிருந்தது, வழி திறந்திருந்தது. விலையைக் கொடுத்தவர்கள் தென்னிலங்கையில் மிளகாய் வாங்கிச் சமைத்தவர்கள். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டபோது அந்த விலை கிடைக்காமற் போனதும் உங்களுக்குத் தெரியும்.

1990 யூனில் போர் மீண்டபின் நடந்தது இதற்கு நேர் எதிரானது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம் என்று நீண்ட பட்டியலை வடக்குக்குக் கொண்டுவர அரசு தடைசெய்தது. சந்தைக்குப் போகும் வழியும் அடைபட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் விளைந்த மரக்கறியும் வெங்காயமும் வெளியே போக முடியாமல் உள்ளேயே மலிந்து கிடக்க, வெளியிலிருந்து கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டிப் படகில் வந்தவை எல்லாம் விலையேறின. தோட்டக்காரர் விற்றது மலிவாகவும் வாங்கியது உச்ச விலையிலும் இருந்த காலம் அது. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்துக் கட்டாமல் துலாவுக்குத் திரும்பியவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அந்நாள்களின் சமாளிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறு திரியை வைத்து, பொட்டு எண்ணெயில் இரவு முழுவதும் எரியும் சிக்கன விளக்கில் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரம் இல்லாத வீட்டில் பனங்காயைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். புலம்பெயர் நாடுகளில் வெளிவரும் மலர்களில் இவற்றைப் பெருமையோடு எழுதுகிறார்கள். நல்லது. ஆனால் ஒரு சட்டையைத் தோய்க்கப் பனங்காய் பொறுக்கி, பிசைந்து, நார் நீக்கி, மணம் போக அலசிய நேரத்தையும், அந்தக் கை அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தால், அதன் பெயர் உற்பத்தி வளர்ச்சியாக இராது. ஒவ்வொரு மாற்று வழியும் ஆளின் நேரத்தைத் தின்றது. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. அந்த இடத்தை எந்தச் சமாளிப்பாலும் நிரப்ப முடியவில்லை.

உண்மையான பதிலீடு எப்போது நடக்கும்? முதலாம் உலகப் போரில் சிலி நாட்டு வெடியுப்பு ஜேர்மனிக்கு வராமல் பிரித்தானியக் கடற்படை மறித்தது. காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியா செய்யும் தொழிற்சாலையை ஜேர்மனியர் போருக்கு முன்னரே, 1913இல், ஒப்பாவில் தொடங்கியிருந்தார்கள். போரில் அதைப் பெருக்கினார்கள். அறிவும் ஆலையும் முன்கூட்டியே கையில் இருந்தன. ஆனாலும் ஒரே நைதரசனை வெடிமருந்தும் பயிரும் கேட்டபோது வெடிமருந்துக்கே முதலிடம் கிடைத்தது. 1916–17 குளிர்காலத்தில் ஜேர்மனிய மக்கள் உருளைக்கிழங்கும் இல்லாமல் மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்றார்கள். அண்மைக் கால உதாரணம் வேண்டுமானால், 2022 யூனில் ரஷ்யாவின் லாடா நிறுவனம் வெளிநாட்டு உதிரிப்பாகம் கிடைக்காமல் காற்றுப் பையும் சில்லுப் பூட்டாத் தடுப்பியும் (ABS) இல்லாத கார்களைச் செய்து விற்றது. எண்ணிக்கையில் அதுவும் ஒரு கார்தான்.

கேள்வி: போர் நடந்த காலம் முழுவதும் இலங்கையின் பொருளாதாரம் சராசரியாக ஐந்து வீதம் வளர்ந்தது என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். நாங்கள் அனுபவித்ததற்கும் இதற்கும் எப்படிப் பொருத்தம்?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: கட்டுரை சொன்னது ஏறத்தாழச் சரி. உங்கள் அனுபவமும் சரி. வந்திருக்கும் கடிதங்களில் இதுவே மிக முக்கியமான கேள்வி என்று எண்ணுகிறேன்.

நாட்டின் உற்பத்தியில் பெரும்பங்கு மேல் மாகாணத்தில் நடந்தது. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 1980களிலேயே ஆடை ஏற்றுமதி தேயிலையைப் பின்தள்ளியது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போனவர்கள் அனுப்பிய பணம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. அனுராதபுரம், குருநாகல் போன்ற மாவட்டங்களின் ஊர்களில் இராணுவச் சம்பளம் மாதாமாதம் வந்து விழும் வருமானமானது; நெல்லுக்கு விலை கிடைக்காத வீட்டுக்கு அது பெரிய பிடிமானம். வெளிநாட்டு உதவியும் நிற்கவில்லை. போர் நடந்த வடக்கு கிழக்கின் பங்கோ தேசியக் கணக்கில் சிறியது. சிறியதாக இருந்த பங்கு மேலும் சுருங்கினாலும் மொத்தத் தொகை அதிகம் அசைவதில்லை. இப்படித்தான் ஒரு நாட்டின் பொருளாதாரம் நீண்ட போருக்குப் பழகிக்கொள்கிறது: போரை ஒரு மூலையில் ஒதுக்கி, மிகுதி இடத்தில் வேலையைத் தொடர்கிறது. சராசரி என்ற எண் அந்த மூலையை மறைத்துவிடுகிறது.

வடக்கிலும் ஒருவகைப் பொருளாதாரம் ஓடியது. அரசு தன் கட்டுப்பாட்டில் இல்லாத இடங்களிலும் ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்து வந்தது. உலகில் நடந்த போர்களின் வரலாற்றில் இதற்கு இணையைக் காண்பது அரிது. அதோடு கனடா, இலண்டன், சுவிஸ் என்று போன பிள்ளைகள் உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றுபவர்கள் மூலம், அனுப்பிய காசு. உள்ளே உற்பத்தி இல்லாமலே நுகர்வு நடந்ததற்கு இந்த இரண்டும் காரணம். உண்டியல் காசு வராத வீடு எப்படிச் சமாளித்தது என்பது எந்தக் கணக்கிலும் ஏறாத தனிக் கதை.

அந்தக் காலம் முழுவதிலும் தேசிய உற்பத்தி உண்மையில் சுருங்கியது ஒரேயொரு ஆண்டில், 2001இல். வரட்சியும் மின்வெட்டும் உலகச் சந்தைத் தளர்வும் அந்த ஆண்டில் சேர்ந்து வந்தன. யூலை 24இல் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் ஏறி, கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கொள்கலனிலும் செலவு கூடியது. செலவு முதன்முறையாக மேல் மாகாணத்தின் கணக்குப் புத்தகத்தில் தெளிவாக விழுந்தது. அடுத்த பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதற்கு வேறு பல காரணங்கள் உண்டெனினும், இதுவும் ஒன்று என்பது என் கணிப்பு.

இறுதிக் கட்டத்தின் கணக்கு வேறு. 2007 ஒக்டோபரில் அரசு முதன்முறையாகச் சர்வதேசச் சந்தையில் 500 மில்லியன் டொலருக்கு இறைமை முறி, அதாவது அரசின் கடன் பத்திரம், விற்றது. 2008 நடுப்பகுதியில் எண்ணெய் விலையும் சேர்ந்து பணவீக்கம் 28 வீதத்தைத் தொட்டது. 2009 தொடக்கத்தில் வெளிநாட்டு ஒதுக்கு ஒரு பில்லியன் டொலரைச் சற்றே தாண்டிய அளவுக்கு வற்றியது. போர் மே மாதத்தில் முடிந்தது. யூலையில் சர்வதேச நாணய நிதியத்தின் 2.6 பில்லியன் டொலர் கடன் கிடைத்தது.

கேள்வி: போர் முடிந்தால் இராணுவச் செலவு குறைந்து, அந்தப் பணம் அபிவிருத்திக்கு வரும் என்றார்கள். ஏன் வரவில்லை?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அமெரிக்காவில் 1945க்குப் பின் அது உண்மையிலேயே நடந்தது. தேசிய உற்பத்தியில் நாற்பது வீதமளவுக்கு ஏறியிருந்த படைச் செலவு மூன்று ஆண்டுகளுக்குள் பத்து வீதத்துக்கும் கீழே வந்தது. படைவீரர்களை வீட்டுக்கு அனுப்பிப் படிக்கவும் வீடு வாங்கவும் உதவினார்கள். தொழிற்சாலைகள் முன்பு செய்த காருக்குத் திரும்பின, மக்களிடம் காருக்குக் கொடுக்கச் சேமிப்பும் இருந்தது. வென்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் அது வாய்க்கவில்லை. பிரித்தானியாவில் போர்க்காலம் முழுவதும் பங்கீடு செய்யப்படாத பாண், போர் முடிந்தபின் 1946 யூலையிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பங்கீடு செய்யப்பட்டது. அமெரிக்காவிடம் 1946இல் வாங்கிய கடனின் கடைசித் தவணையைப் பிரித்தானியா கட்டியது 2006 டிசம்பரில்.

இங்கே படைவீரருக்கு மாற்று வேலை என்று ஒன்று உருவாகவில்லை. படைச் செலவில் பெரும்பகுதி சம்பளமும் உணவும்; ஆளைக் குறைக்காமல் அதைக் குறைக்க முடியாது. ஆளைக் குறைத்தால் நான் மேலே சொன்ன ஊர்களின் மாத வருமானம் நிற்கும். எந்த அரசும் அதற்குத் துணியவில்லை. ஆளெண்ணிக்கையைக் குறைக்கும் பேச்சே 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பின்னர்தான் உரத்துக் கேட்கத் தொடங்கியது. மீளக் கட்டிய வீதிகளும் பாலங்களும் பெரும்பாலும் கடனில் வந்தவை. யாழ்தேவி புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் இந்தியக் கடனில் போட்ட பாதையில். சீமெந்துத் தொழிற்சாலை இன்னும் இயங்கவில்லை.

கேள்வி: வெளிநாடுகளில் போர்கள் நீளும் இக்காலத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? தங்கம் வாங்கலாமா?
– இல்லத்தரசி, சுன்னாகம்

பதில்: தங்கம் பற்றி ஆலோசனை சொல்ல நான் தகுதியானவன் அல்லன், விலை உச்சத்தில் நிற்கும்போது கடன்பட்டு வாங்குவதை மட்டும் தவிருங்கள் என்பேன். கவனிக்க வேண்டியவை எரிபொருள், உரம், கோதுமை மா, கப்பல் கட்டணம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பல நிறுவனங்கள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாளளவு நீண்டு, ஐரோப்பாவுக்குப் போகும் நமது ஆடைக்கும் அங்கிருந்து வரும் மருந்துக்கும் செலவு ஏறியது. மத்திய கிழக்கில் போர் பரவினால் எண்ணெய் விலையோடு அங்கே வேலை செய்பவர்களின் சம்பளமும் ஆபத்துக்குள்ளாகும். உங்கள் வீட்டு வருமானம் ஒரே நாட்டிலிருந்து வரும் காசில் மட்டும் தங்கியிருந்தால், மூன்று மாதச் செலவுக்கான தொகையை உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் செய்பவராயின் உரத்தை விதைப்புக்கு முன்னரே வாங்கி வையுங்கள். விலை ஏறும்போது முதலில் தட்டுப்படுவது அதுதான்.